இரண்டு வஸ்தாதுகள், ஒரே கூண்டு!

போடிநாயக்கனூரில் ஒரு வீடு. வெயில் தாழ்ந்த நேரம்.

திண்ணையில் ஒரு கம்பிக் கூண்டு. கூண்டைச் சுற்றி வீட்டுப் பிள்ளைகள். உள்ளே 2 கினிப்பன்றிகள். இரண்டும் ஆண்.

ஒன்று வந்து ஒரு மாதம் ஆகிறது. மற்றொன்று அன்று காலையில்தான் மதுரையில் இருந்து பஸ் ஏறி, அட்டைப் பெட்டிக்குள் உட்கார்ந்து வந்தது. "ஒன்று தனியாக இருக்கிறதே, பாவம்" என்று அப்பா வாங்கி வந்தார்.

புதியதைக் கூண்டுக்குள் விட்டார்கள். அவ்வளவுதான்!

"டர்ர்ர்ர்..." என்று ஒரு சத்தம். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று தூரத்தில் புறப்படுவது போல இருந்தது. பழையவன் இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, புதியவனைச் சுற்றிச் சுற்றி வந்தான். புதியவனும் சும்மா இல்லை. தலையைத் தூக்கினான். பல்லை நறநறவென்று கடித்தான். பிறகு ஒரே ஓட்டம், துரத்தல், கீச்சுக்குரல்!

"அம்மா! இது அதைக் கொல்லுது!" என்று கத்தினாள் சின்னவள்.

உள்ளே இருந்து அப்பத்தா குரல் கொடுத்தார். "டேய், ரெண்டையும் பிரிச்சு விடுங்கடா. கண்ணு முன்னாடி ஒரு உசுரு போகணுமா?"

அப்பா பிரித்து விட்டார். புதியவன் பழையபடி அட்டைப் பெட்டிக்குப் போனான். வீடு அமைதி ஆயிற்று. மறுநாள் மீண்டும் சேர்த்தார்கள். மீண்டும் அதே சத்தம். மீண்டும் பிரித்தார்கள். மூன்றாம் நாள், "இது சரிப்படாது" என்று முடிவாயிற்று. புதியவனை யாருக்காவது கொடுத்துவிட ஆள் தேடினார்கள்.

இப்படி ஒரு வீடு இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஊரும் பேரும் மாறலாம். கினிப்பன்றி வளர்க்கும் வீடுகளில் கதை பெரும்பாலும் இதுதான்.

அந்த வீட்டார் செய்தது சரியா?

மனசு நல்ல மனசுதான். செய்தது தவறு.

காளைக்குத் தெரிந்த கணக்கு

போடிக்குப் பக்கத்தில் உள்ள ஊர் பொட்டிபுரம். பத்திரிகை படிப்பவர்களுக்குப் பேர் தெரிந்திருக்கும். நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015-ம் ஆண்டு மத்திய மந்திரிசபை அனுமதி கொடுத்ததே, அந்தத் திட்டத்துக்காகத் தேர்ந்தெடுத்த மலை அந்த ஊரை ஒட்டித்தான் இருக்கிறது. ஊர் மக்கள் எதிர்த்தார்கள். அது வேறு கதை.

அந்த மலையடிவாரத்தில் ஏர் பூட்டியவர்களும், வண்டி ஓட்டியவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். "வீட்டில் ஒரு காளை நிற்கிறது. சந்தையில் இன்னொன்று பிடித்து வருகிறீர்கள். வந்த அன்றே இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டுவீர்களா?"

சிரிப்பார்கள்.

முதலில் சற்றுத் தள்ளிக் கட்டுவார்கள். ஒன்றை ஒன்று பார்க்க வேண்டும். மோப்பம் பிடிக்க வேண்டும். தீனி தனித்தனியாக வைப்பார்கள். பிறகு பாரம் இல்லாமல் சேர்த்து நடத்துவார்கள். இரண்டும் கொம்பை ஆட்டும். ஒன்றை ஒன்று தள்ளும். வண்டிக்காரர் கயிற்றைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருப்பார். எது முன்னே போகும், எது விட்டுக்கொடுக்கும் என்பதைக் காளைகளே தீர்த்துக் கொள்ளும்.

முதல் முட்டலிலேயே, "இது ஆகாது" என்று மாட்டைத் திரும்பச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகிறவர் உண்டா?

சுமார் ஒரு கிலோ எடையே உள்ள கினிப்பன்றி விஷயத்தில் மட்டும் ஏன் இந்த அவசரம்?

பன்றியும் அல்ல, எலியும் அல்ல

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம்.

கினிப்பன்றிக்குப் பன்றி இனத்தோடு எந்த உறவும் இல்லை. கினி என்ற நாட்டோடும் உறவு இல்லை. அதன் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. பெரு, பொலிவியா, ஈகுவடார் நாடுகளில் பல ஆயிரம் ஆண்டுகளாக வீட்டில் வளர்க்கிறார்கள். இங்கே கோழி எப்படியோ, அங்கே அது அப்படி. அடுப்படியில் ஓடித் திரியும். விருந்து வந்தால் குழம்பில் போய்விடும். அது போடும் சத்தத்தை வைத்தே அங்குள்ளவர்கள் அதற்கு "குய்" என்று பேர் வைத்தார்கள்.

16-ம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போயிற்று. அங்கே செல்லப் பிராணி ஆயிற்று. பிறகு விஞ்ஞானிகள் கையில் சிக்கியது. காசநோய்க் கிருமியை 1882-ல் உலகுக்குக் காட்டினாரே ராபர்ட் காக், அவர் சோதனை செய்தது கினிப்பன்றிகளை வைத்துத்தான். 1907-ல் நார்வே நாட்டில் ஹோல்ஸ்ட், ஃபுரோலிக் என்ற இருவர் கினிப்பன்றிகளுக்கு வெறும் தானியத்தையே போட்டு வந்தார்கள். அவற்றுக்கு ஸ்கர்வி நோய் வந்தது. மனிதனைப் போலவே இந்தப் பிராணிக்கும் வைட்டமின் 'சி' தன் உடம்பில் தானாக உண்டாவது இல்லை. தினமும் தின்றுதான் பெற வேண்டும். மனித குலம் அந்தச் சின்ன உயிருக்கு நிறையக் கடன்பட்டிருக்கிறது.

தமிழில் சிலர் இதைச் "சீமைப் பெருச்சாளி" என்பார்கள். கடைக்காரர்கள் "கினி பிக்" என்றே சொல்லி விற்கிறார்கள். 5 முதல் 7 ஆண்டு வரை உயிர் வாழும். புல் தின்னும். கூட்டமாக வாழும்.

கூட்டமாக வாழும் என்பதுதான் முக்கியம்.

தனிக்குடித்தனம் தண்டனை

"சண்டை போடுகிறதா? ஒன்றே ஒன்று வளர்த்துவிட்டுப் போகலாமே!" என்று கேட்கலாம்.

கூடாது.

ஸ்விட்சர்லாந்து நாட்டில் 2008-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. கினிப்பன்றியைத் தனியாக வளர்ப்பது அங்கே குற்றம்! குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது. காட்டில் இதன் இனம் பருந்துக்கும் நரிக்கும் இரை. பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கண்ணும் காதும் இருந்தால்தான் இதற்குத் தூக்கமே வரும். தனியாக விட்டால் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அரை மணி நேரம் மடியில் வைத்துக் கொஞ்சுவது, ஒரு நாளின் மிச்ச நேரத்துக்கு ஈடாகாது.

"அப்படியானால் ஆணும் பெண்ணுமாக வாங்கலாம். ஜோடி என்றால் அதுதானே!"

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. கணக்கைக் கேளுங்கள்.

கினிப்பன்றியின் கர்ப்ப காலம் 59 முதல் 72 நாள். ஒரு தடவைக்குச் சாதாரணமாக 2 முதல் 4 குட்டிகள். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் மறுபடியும் சினை பிடிக்கும். அதாவது ஆண் பக்கத்திலேயே இருந்தால், ஆண்டுக்கு 5 பிரசவம். ஆண் குட்டி 3 வாரத்திலேயே தகப்பன் ஆகும் வயதுக்கு வந்துவிடும். பெண் குட்டிக்கும் ஒரு மாதம் போதும். அடுத்த தீபாவளிக்குள் வீட்டில் மனிதர்களுக்கு இடம் இருக்காது.

அது மட்டும் அல்ல. 7, 8 மாதம் வரை குட்டி போடாத பெண்ணுக்கு இடுப்பெலும்பு இறுகிவிடும். அதற்குப் பிறகு முதல் தடவை சினை பிடித்தால் பிரசவத்தில் உயிருக்கே ஆபத்து.

ஆகவே 2 பெண் வளர்க்கலாம். அல்லது 2 ஆண் வளர்க்கலாம். கடையில் கேட்டதும் பெரும்பாலும் கிடைப்பது ஆண்தான் என்றால், ஆண் ஜோடியைச் சேர்த்து வைக்கத் தெரிந்துகொள்வதே வழி. (கடைக்காரர் "ரெண்டும் ஆண்தான் சார்" என்று சத்தியம் செய்தாலும், கால்நடை மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது. அந்தச் சத்தியத்தை நம்பி ஏமாந்து, குட்டிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீடுகள் உண்டு.)

சவடால் வேறு, சண்டை வேறு

2 ஆண் கினிப்பன்றிகள் முதன்முதலாகச் சந்திக்கும்போது நடப்பது என்ன?

ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடுகின்றன. "இந்த வீட்டில் பெரியவன் யார்?"

விடை தெரிகிற வரையில் ஆர்ப்பாட்டம் உண்டு. இடுப்பை ஆட்டிக்கொண்டு "டர்ர்ர்" என்று உறுமும். வாய் திறந்து கொட்டாவி விடுவது போல முன்பல்லைக் காட்டும். தூக்கம் வந்த கொட்டாவி அல்ல அது. "பல்லைப் பார்த்துக்கொள்" என்ற எச்சரிக்கை! நேருக்கு நேர் நின்று, மூக்கை மேலே மேலே தூக்கும். யார் மூக்கு உயரம் என்று பந்தயம். கழுத்து மயிர் சிலிர்க்கும். ஒன்று துரத்தும், மற்றொன்று ஓடும். ஒன்றன் முதுகில் ஒன்று ஏறும். பின்பக்கத்தைத் தரையில் தேய்த்து, "இது என் இடம்" என்று வாடை வைக்கும். தோற்றவன் கீச்சுக்குரலில் கத்துவான்.

அந்தக் கீச்சுக்குரலைக் கேட்டுத்தான் வீட்டில் உள்ளவர்கள் பதறுகிறார்கள். உண்மையில் அது "வலிக்கிறது" என்ற கூச்சல் அல்ல. "சரியப்பா, நீதான் பெரியவன், விட்டுவிடு" என்ற சரணாகதி. அந்தக் குரல் வந்தால் பஞ்சாயத்து முடியப் போகிறது என்று பொருள்.

அந்த நேரம் பார்த்துக் கையை விட்டுப் பிரித்தால் என்ன ஆகும்?

தீர்ப்பு நின்றுபோகும். மறுநாள் சேர்க்கும்போது, கேள்வி முதலில் இருந்து ஆரம்பம் ஆகும். முந்தின நாளின் கோபமும் சேர்ந்துகொள்ளும். போடி வீட்டில் நடந்தது அதுதான். 2 நாள் சேர்த்து, 2 நாள் பிரித்ததில் அந்த இரண்டும் 2 தடவை முதல் சண்டை போட்டன. ஒரு தடவைகூட முடிவு தெரியவில்லை. பிராணிகள் மேல் பழி போட்டுப் பயன் இல்லை.

இதற்காக எந்தச் சத்தத்தையும் கண்டுகொள்ளாமல் இருந்துவிடலாம் என்று அர்த்தம் அல்ல. ரத்தம் என்று ஒன்று இருக்கிறது.

இரண்டும் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு பந்து போல உருண்டால் அது சவடால் அல்ல, சண்டை. பல்லைக் கடிக்கும் சத்தம் நிற்காமல் கேட்டு, இரண்டில் ஒன்றுகூடப் பின்வாங்காமல் பாய்ந்தால், அது சண்டையின் வாசல். ரத்தம் தெரிந்தால் உடனே பிரிக்க வேண்டும். காது, உதடு, முதுகின் பின்பகுதி இவற்றைத்தான் கடிக்கும்.

பிரிக்கும்போது வெறுங்கையை நுழைக்காதீர்கள். அந்தப் பல் விரலின் எலும்பு வரை இறங்கும். கனமான துண்டு ஒன்றைப் போட்டு மூடி எடுக்கலாம். குப்பை அள்ளும் முறத்தையோ அட்டையையோ நடுவில் செருகலாம்.

எங்கே சேர்ப்பது? எப்படிச் சேர்ப்பது?

புதிதாக வந்ததை அன்றே சேர்க்கவே கூடாது. 2 வாரம் வேறு அறையில் வைத்துப் பார்க்க வேண்டும். சொறி, பேன், சளி எது இருந்தாலும் அதற்குள் தெரிந்துவிடும். போடி வீட்டாரின் முதல் தவறு இது.

இரண்டாவது தவறு, பழையவனின் கூண்டிலேயே புதியவனை விட்டது. அது பழையவனின் கோட்டை. மூலைக்கு மூலை அவன் வாடை. அங்கே புதிதாக ஒருவன் நுழைந்தால் விருந்தாளி என்றா நினைப்பான்? திருடன் என்றுதான் நினைப்பான்!

இரண்டுக்கும் சொந்தம் இல்லாத இடம் வேண்டும். கழுவித் துடைத்த முற்றம் ஆகட்டும், ஓர் அறையின் மூலை ஆகட்டும். சுற்றிலும் பலகையோ அட்டையோ வைத்துத் தடுத்துவிடலாம். நடுவில் காய்ந்த புல்லைக் குவியலாகக் கொட்டுங்கள். கொத்தமல்லித் தழை, காரட் தழை, அறுகம்புல் இவற்றை ஒரே தட்டில் வைக்காமல் அங்கங்கே சிதறிப் போடுங்கள். தின்கிற வாய் கடிக்காது. பிறகு இரண்டையும் ஒரே நேரத்தில் இறக்கி விடுங்கள்.

இறக்கி விட்டதும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். பிள்ளைகளிடம் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடக் கூடாது. 2 மணி நேரமாவது ஆகும். விடுமுறை நாள் காலை இதற்கு ஏற்றது. வெயில் ஏறுவதற்கு முன்னால்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. இது மலைநாட்டுப் பிராணி. 18 முதல் 24 டிகிரி வரை உள்ள குளிர்ச்சியில் சுகமாக இருக்கும். 30 டிகிரியைத் தாண்டினால் மூச்சு இரைக்கும்; வெப்பம் தாக்கிச் சாகவும் கூடும். போடி மெட்டு ஏறி ஏலக்காய்த் தோட்டத்துப் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கவலை குறைவு. மலைக்குக் கீழே, சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கு அடியில் 2 ஆண்களைச் சேர்க்கிறேன் என்று உட்காருவது கொலைக்குச் சமம். ஓடித் துரத்தும்போது உடம்புச் சூடு இன்னும் ஏறும். மாசி, பங்குனிக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டிய காரியம் இது.

முதல் சந்திப்பு ஒரு வழியாக அடங்கி, இரண்டும் புல் தின்ன ஆரம்பித்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இனித்தான் கூண்டு.

அந்தக் கூண்டுதான் பிரச்சினையே.

கூண்டா, தீப்பெட்டியா?

கடைகளில் கினிப்பன்றிக் கூண்டு என்று விற்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஒன்று திரும்பினால் மற்றொன்றின் மேல் இடிக்கும். அதற்குள் 2 ஆண்களை அடைத்துவிட்டு, "சண்டை போடுகின்றன" என்று குறை சொல்வது என்ன நியாயம்? ரெயிலில் ஒரே இருக்கைக்கு 2 பேருக்குச் சீட்டு கொடுத்தால் மனிதன் மட்டும் சும்மா இருப்பானா?

2 ஆண்களுக்குப் பத்துச் சதுர அடிக்குக் குறையாமல் தரை வேண்டும். 5 அடி நீளம், 2 அடி அகலம். மாடி மேல் மாடி வைத்துக் கணக்குக் காட்டக் கூடாது. தரையாகவே வேண்டும். கடையில் அவ்வளவு பெரிய கூண்டு கிடைக்காவிட்டால், உள்ளூர்த் தச்சரிடம் பலகையும் கம்பி வலையும் கொடுத்துச் செய்துகொள்ளலாம். கடைக் கூண்டைவிடச் செலவும் குறையும். அடியில் கம்பி வலை வேண்டாம், கால் புண்ணாகிவிடும். பலகை போட்டு, மேலே புல்லும் துணியும் விரித்தால் போதும்.

உள்ளே எல்லாம் இரண்டு இரண்டு. தண்ணீர்ப் புட்டி 2. தீனிக் கிண்ணம் 2. புல் குவியல் 2. அதுவும் பக்கத்தில் பக்கத்தில் அல்ல. ஒன்று இந்தக் கோடி. மற்றொன்று அந்தக் கோடி. பெரியவன் ஒரே நேரத்தில் 2 கிண்ணத்துக்கும் காவல் இருக்க முடியாது அல்லவா?

ஒளிந்துகொள்ளும் பெட்டியும் 2 வேண்டும். அந்தப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் 2 வாசல் வேண்டும்.

ஏன் 2 வாசல்? துரத்தி வந்தவன் ஒரு வாசலை அடைத்து நின்றால், உள்ளே இருப்பவன் மற்ற வாசல் வழியே ஓடிவிடலாம். ஒரே வாசல் என்றால்? உள்ளே இருப்பவன் முட்டுச் சந்தில் மாட்டிய மாதிரி. ஓட வழி இல்லாதவன் கடிப்பான். எத்தனையோ ரத்தக் காயங்களுக்குக் காரணம் ஆத்திரம் அல்ல, அந்த ஒற்றை வாசல்தான். மளிகைக் கடை அட்டைப் பெட்டியில் கத்தரிக்கோலால் இன்னொரு ஓட்டை போட எவ்வளவு நேரம் ஆகும்?

இன்னொன்று. அதே வீட்டில் பெண் கினிப்பன்றியும் இருக்கக் கூடாது. பெண்ணின் வாடை பட்டால், நேற்று வரை ஒரே தட்டில் தின்றவர்கள் இன்று எதிரிகள்! பெண்ணைத் தூக்கிய கையைக் கழுவாமல் ஆண்களைத் தூக்கினாலே போதும், பற்றிக்கொள்ளும். மூன்றாவதாக ஓர் ஆணைச் சேர்ப்பதும் வேண்டாம். இரண்டு பேருக்குள் தீர்ப்பு ஆகும். மூன்றாவது ஆள் வந்தால் கட்சி உண்டாகும்.

புதிய வீட்டுக்குப் போன பிறகும் சில நாள் உறுமல் இருக்கும். 2 வாரம் வரைகூடப் போகலாம். ரத்தம் இல்லை, இரண்டும் தின்கின்றன, இரண்டும் தூங்குகின்றன, தோற்றவனின் எடை குறையவில்லை என்றால் கவலை வேண்டாம். எடையைச் சமையலறைத் தராசில் வாரம் ஒரு தடவை பார்த்து, காலண்டரில் எழுதி வையுங்கள். பெரியவன் தின்ன விடாமல் செய்கிறானா என்பதை எடைதான் முதலில் சொல்லும்.

வாலிபம் வந்தால்...

குட்டியாக இருக்கும்போதே 2 ஆண்களை வாங்கி வந்து, அவை அண்ணன் தம்பியாக ஒட்டி உறவாடும். பார்ப்பவர்களுக்கு ஆனந்தமாக இருக்கும். 3, 4 மாதம் போனதும் திடீரென்று "டர்ர்ர்" ஆரம்பிக்கும். "இத்தனை நாள் நன்றாக இருந்ததே! பைத்தியம் பிடித்துவிட்டதா?" என்று கேட்பார்கள்.

பைத்தியம் அல்ல. வாலிபம்!

ஓர் ஆண்டு முடிகிற வரை இந்த முறுக்கு இருக்கும். பிறகு தணியும். இந்த நேரத்தில் இடம் தாராளமாக இருந்தால் தப்பித்தது. இந்த வயதில்தான் நிறைய ஜோடிகளை அவசரப்பட்டுப் பிரித்துவிடுகிறார்கள்.

ஜெர்மனியில் நார்பர்ட் சாக்சர் என்ற விஞ்ஞானி கினிப்பன்றிகளின் நடத்தையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1991-ம் ஆண்டு அவரும் அவருடைய கூட்டாளியும் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இங்கே கவனிக்கத்தக்கது. சில ஆண்களைப் பெரிய கூட்டத்தில், மூத்த ஆண்களுக்கு நடுவில் வளர்த்தார்கள். வேறு சில ஆண்களைத் தனியாக வளர்த்தார்கள். அல்லது ஒரே ஒரு பெண்ணோடு வளர்த்தார்கள். வளர்ந்த பிறகு, முன்பின் தெரியாத ஆண்களோடு விட்டார்கள்.

என்ன நடந்தது?

கூட்டத்தில் வளர்ந்தவை பெரிய சண்டை இல்லாமல் அடங்கிவிட்டன. உடம்பில் பதற்றத்தைக் காட்டும் சுரப்பும் அதிகம் ஏறவில்லை. தனியாக வளர்ந்தவை மூர்க்கமாகச் சண்டை போட்டன. தோற்றவற்றின் உடம்பு பதறிப்போயிற்று.

வாலிபப் பருவத்தில் மூத்தவனிடம் நாலு தடவை விரட்டுப் பட்டவனுக்கு, எங்கே விட்டுக்கொடுப்பது என்று தெரிகிறது. தனியாக வளர்ந்தவனுக்கு அந்தப் பாடமே நடக்கவில்லை. இப்போது போடி வீட்டுப் பிரிவினையை நினைத்துப் பாருங்கள். சண்டைக்குப் பயந்து ஒன்றைத் தனியாக வைப்பது, அதை இன்னும் பெரிய சண்டைக்காரனாக ஆக்குகிறது.

ஆகவே பழையவன் வளர்ந்தவனாக இருந்தால், துணைக்கு ஒரு குட்டி ஆணைத் தேடுவது உத்தமம். 2 மாதக் குட்டி பெரியவனிடம் போட்டிக்கு வராது. அடங்கும், பின்னாலேயே சுற்றும், பாடம் கற்கும். ஒரே வயது வாலிபர்கள் இருவரைச் சேர்ப்பதுதான் கஷ்டம். போடி வீட்டு அப்பாவுக்கு மதுரைக் கடையில் இதை ஒருவர் சொல்லியிருந்தால் 3 நாள் கூத்தே நடந்திருக்காது.

கடைக்காரர் சொல்ல வேண்டாமா? 2018-ம் ஆண்டு மத்திய அரசு, செல்லப் பிராணிக் கடைகளுக்கு விதிகள் கொண்டுவந்தது. நாய், பூனை, முயலோடு கினிப்பன்றியும் அந்த விதிகளில் இருக்கிறது. மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தக் கூடாது. பதிவு செய்த கடையா என்று கேட்டு வாங்க வேண்டியது வாங்குபவரின் கடமை. ஆனால் பதிவுச் சான்றிதழ் மட்டும் போதுமா? ஆணா, பெண்ணா, வயது என்ன, இதுவரை யாரோடு வளர்ந்தது, இந்த 3 விவரத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் எத்தனையோ உயிர்கள் பிழைக்கும். கூண்டையும் தீனியையும் சேர்த்து விற்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு பெரிய வேலையா?

காயம் பட்டால்

சண்டையில் கடிபட்டால் சின்னக் காயம் என்று அலட்சியம் வேண்டாம். மயிருக்கு அடியில் சீழ் கட்டும். உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரால் கழுவிவிட்டு, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

வீட்டில் இருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் வைத்தியம் மட்டும் கூடவே கூடாது. குழந்தைக்குக் காய்ச்சலுக்கு வாங்கிய அமாக்சிசிலின் மருந்து அலமாரியில் மிச்சம் இருக்கும். அதை நாலு சொட்டு வாயில் விட்டால் என்ன என்று தோன்றும். பென்சிலின் வகை மருந்து கினிப்பன்றியின் வயிற்றுக்குள் போனால், குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, விஷக் கிருமி பெருகும். சில நாளில் உயிர் போய்விடும். கடித்தவன் கொல்லவில்லை, மருந்து கொன்றது என்று ஆகிவிடும்.

காயம் ஆறுகிற வரை தோற்றவனுக்கு வைட்டமின் 'சி' அவசியம். குடமிளகாய் ஒரு துண்டு, கொய்யா ஒரு துண்டு. பெரிய செலவு இல்லை.

ரத்தம் கண்டு பிரித்த ஜோடியை மறுபடியும் சேர்க்கலாமா? காயம் ஆறிய பிறகு ஒரு தடவை முயற்சி செய்யலாம். அதுவரை ஒரே கூண்டை நடுவில் கம்பி வலையால் தடுத்து, ஒன்றை ஒன்று பார்க்கும்படி, மோப்பம் பிடிக்கும்படி வைக்க வேண்டும். இரண்டாம் தடவையும் ரத்தம் வந்தால் விட்டுவிட வேண்டியதுதான். சில பேருக்குள் ஒத்துப்போகாது. மனிதர்களில் இல்லையா? அந்தக் கம்பி வலையை நிரந்தரம் ஆக்கிவிட்டால் தீர்ந்தது. தொட முடியாது, பேசிக்கொள்ளலாம். முழுத் தனிமைக்கு அது எவ்வளவோ மேல்.

வீட்டுக் கொல்லையில் அவிழ்த்துவிட்டு, "எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும்" என்று கைகழுவுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. தெரு நாய், பூனை, கீரி, காக்கை இத்தனைக்கும் நடுவில் அது எத்தனை நாள் பிழைக்கும்? ஓர் இரவு தாண்டுவது கஷ்டம்.

இவ்வளவு தொல்லை எதற்கு, வளர்க்காமலே இருந்துவிடலாமே என்று அப்பத்தா கேட்பார். நியாயமான கேள்விதான். 10 சதுர அடி இடமும், 2 வாரப் பொறுமையும் இல்லாத வீட்டில் வளர்க்காமல் இருப்பதே நல்லது. வாங்குவதற்கு முன்னால் கேட்டிருந்தால் அப்பத்தா சொல்வதுதான் சரி. வாங்கி வந்து திண்ணையில் வைத்த பிறகு அந்தக் கேள்வி காலம் கடந்தது.

அந்தப் போடி வீட்டுக்கும் காலம் போய்விடவில்லை. அட்டைப் பெட்டியில் இருக்கும் புதியவனை இன்னும் யாரும் வாங்கிக்கொள்ள வரவில்லை. 2 வாரம் தனியாக இருக்கட்டும். அதற்குள் தச்சர் கூண்டு செய்து முடித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் முற்றத்தைக் கழுவிவிட்டு, நடுவில் புல்லைக் கொட்டி, இரண்டையும் இறக்கி விடட்டும். அப்பா ஒரு முக்காலி போட்டு, தோளில் கனமான துண்டோடு பக்கத்தில் உட்காரட்டும். சின்னவள் அட்டைப் பெட்டிக்கு இரண்டாவது வாசல் வெட்டிக்கொண்டு இருக்கட்டும்.